ஐம்பது டிகிரி கழித்தவன்

ஷா ஆலம் தொழிற்பேட்டையில் மதியம் இரண்டு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. வெப்பமானிகளைப் பழுது பார்க்கும் ஐவன், மீன் உறையவைக்கும் அந்தக் கிடங்கின் வாசலில் வேனை நிறுத்தினான். இரண்டு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த இடம். நாளை பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தானாகவே ஓடிவந்தான்.

"வா ஐவன், ஆளையே காணோம்," என்றார் மேற்பார்வையாளர் கமலநாதன். "எல்லாம் ஓகேயாத்தான் ஓடுது. எதுக்கு இன்னிக்கு?"

"சும்மா ஒரு செக் லா அண்ணே. நீங்க போய் ஒரு கப் தே குடிங்க."

அவர் போனார். பொய் சொல்வதில் மட்டும் ஐவனைக் குறை சொல்லவே முடியாது.

குளிரறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் பெட்டி. குளிரறைக்குள்ளே நான்கு சென்சார்கள். கதவருகே ஒன்றாவது, கடைசிச் சுவரில் நான்காவது. திரையில் நான்கும் மைனஸ் இருபத்திரண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிரிக்பீல்ட்ஸில் அவன் வாழையிலைச் சாப்பாட்டில் இருந்தபோது கைபேசியில் அலாரம் அடித்தது. நான்காவது சென்சார் மட்டும் இருபத்தெட்டுக்கு ஏறியிருந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தான். இந்தத் தொழிலில் சோம்பேறிகளுக்கு ஒரு வழி உண்டு: சென்சாரை மாற்றாமல், திரையில் வரும் எண்ணைக் கூட்டிக் கழித்துச் சரியாக்கிவிடுவது. கைபேசியிலேயே ஐம்பது கழித்தான். மைனஸ் இருபத்திரண்டு. அலாரம் நின்றது. ரசம் ஊற்றச் சொன்னான்.

அந்த நேரம் குளிரறைக்குள்ளே சின்னையா மாட்டிக்கொண்டிருந்தார். கேரி தீவிலிருந்து வேலைக்கு வந்துபோகிற மனிதர். உள்கைப்பிடி உறைந்து கதவு திறக்கவில்லை. அலாரம் அடித்தால் யாராவது வருவார்கள் என்று, நான்காவது சென்சாரை உள்ளங்கையில் பொத்தியபடி உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அப்படியே பிணமாகக் கிடந்தார். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று விசாரணையில் கேட்டபோது, "விறைச்ச கையில அவ்வளவு சூடு இருந்திருக்காது," என்று ஐவனே பதில் சொன்னான்.

கழித்த அந்த ஐம்பதை இன்று நீக்கிவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியாது. நீக்கினான்.

நான்காவது எண் மாறியது.

இருபத்தெட்டு.

அலாரம் அலறியது. பதறிப்போய் அதை அமர்த்தினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கை விலகியிருந்தால், ஐம்பது கழிந்து திரையில் மைனஸ் எழுபத்திரண்டு வந்திருக்கும்; அன்றே அவன் குட்டு வெளிப்பட்டிருக்கும். இரண்டு வருடமாக மைனஸ் இருபத்திரண்டு மட்டுமே வந்தது.

கை விலகவே இல்லை.

நான்காவது எண் சரசரவென்று இறங்கியது. மூன்றாவது ஏறியது. இருபத்தெட்டு.

பிறகு இரண்டாவது.

கம்ப்ரசர் இரைச்சலுக்கு அடியில், பனித்தரையில் பூட்ஸ் இழுபடும் ஓசை.

ஒன்றாவது.

கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். களைத்துப்போன தட்டல். ஐவனுக்கு ஓடிவிடத் தோன்றியது. அன்று திறக்காமல் விட்ட கதவு என்பதால் கால் நகரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டான்.

"அங்கிள்... மன்னிச்சிருங்க," என்று கிசுகிசுத்துக் கதவை இழுத்தான்.

வெண்புகையும் மீன் வாடையும் முகத்தில் அடித்தன. யாரும் இல்லை. நான்கு எண்களும் மைனஸ் இருபத்திரண்டுக்குத் திரும்பின. போய்விட்டார் என்று நினைத்தான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

கமலநாதன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அலாரம் கேட்டுச்சே! என்ன ஐவன், அன்னிக்கு மாதிரி யாராச்சும் உள்ள மாட்டிக்கிட்டாங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஐவன் திரையைப் பார்த்தான். எல்லாம் கச்சிதமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணே. சென்சார் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்."

சொல்லி வாய் மூடவில்லை. வெதுவெதுப்பான ஒரு உள்ளங்கை அவன் வலக்கையைப் பொத்திப் பிடித்தது.

கமலநாதன் நான்கடி தள்ளி நின்றார்.

வேனுக்குப் போகும்வரை அது விடவில்லை. நெடுஞ்சாலையிலும் விடவில்லை. அன்று கிள்ளான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஏன் இடது கையால் சாப்பிடுறீங்க என்று மனைவி ஷார்மைன் கேட்டாள்.