அண்ணன் காரின் மூச்சிரைப்பு

பழங்கார் சங்கத்தின் தலைவர் அன்று மாலை அண்ணன் வீட்டு ஷெட்டுக்குள் நுழைந்தபோது, சட்டையில் தலைவர் பேட்ஜைக் குத்தியிருந்தார். அதைப் பார்க்க அங்கே ஒரு மெக்கானிக்கும் இரண்டு பல்லிகளும்தான் இருந்தன. இருந்தாலும் பதவி பதவிதானே.

மறுநாள் காலை சங்கத்தின் ஊர்வலம். முதலில் வரப்போவது தன் கார் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. உண்மையில் கார், போன வருடம் மூச்சு இழுப்பு வந்து செத்துப்போன அண்ணனுடையது. "சும்மாதானே நிக்குது அண்ணி" என்று நச்சரித்தே சாவியை வாங்கியிருந்தார்.

ஊர்வலம் நடை வேகத்தில்தான் போகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே இன்ஜின் ஒரே சீராக ஓட வேண்டும். பாதி வழியில் அணைந்தால் பின்னால் வரும் உபதலைவர் இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னாலும், சிரித்த முகத்தோடு தள்ளிவிடுவார். அதற்குச் சாவே மேல்.

"பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு, ஹோஸ் எதுலயும் காத்து கசியல" என்றார் மெக்கானிக். "ஆனா மிதிக்காம விட்டா ஐடிலிங் மட்டும் நிலைக்க மாட்டேங்குது சார். நீங்களே கேளுங்க."

இன்ஜின் மெல்ல ஏறியது. தடுமாறியது. இரண்டு முறை செருமியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது, எங்கிருந்தோ காற்றை வாரி இழுத்துக்கொண்டு மறுபடி ஏறியது.

தலைவர் ஓரடி பின்வாங்கினார். அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த நாட்களில், பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, காதில் தலையணையை அழுத்தியபடி, அவர் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட சத்தம் அது.

"காத்தும் பெட்ரோலும் சரியா கலக்கல. வேற ஒண்ணுமில்ல" என்றார், மேடையில் பேசும் குரலில்.

"தம்பி."

ஷெட் வாசலில் அண்ணி நின்றிருந்தார்.

"அது என்ன சத்தம்னு உங்களுக்குத் தெரியலையா?"

"இன்ஜின் சத்தம் அண்ணி."

"தினம் சாயங்காலம் இங்க உட்கார்ந்து கேக்குறேன்." அண்ணியின் குரல் தணிந்தது. "சாவி போடாமலே."

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை நழுவவிட்டு, குனிந்து தேடுவதுபோல் தள்ளிப் போனார். போகிற போக்கில் தொழிலையும் விடவில்லை. "கார்புரேட்டர் வாயைப் பாதி மூடிப் பாருங்க சார். சீரானா, எங்கேயோ காத்து புகுதுன்னு அர்த்தம். முழுசா மூடிடாதீங்க, அணைஞ்சிரும்."

"எனக்கே சொல்லித் தர்றியாய்யா? இதைப் பத்திச் சங்கத்துல ரெண்டு மணி நேரம் பேசினவன் நான்."

உள்ளங்கையை வைத்தார். உள்ளே செருமல் கேட்டது. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது தலைவருக்கு.

முழுசாக அழுத்தி மூடினார்.

"தம்பி, வேண்டாம்! அவருக்கு மூச்சு முட்டும்!"

இன்ஜின் அணையவில்லை.

காற்றை உள்ளே இழுக்க வேண்டிய வாய், வெளியே விட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக. பெட்ரோல் நாற்றம் அடிக்க வேண்டிய இடத்தில், அண்ணன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

கையை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

மணிக்கட்டுக்குள் எதுவோ ஊர்ந்தது. முழங்கையைத் தாண்டியது. தோளில் சற்றுத் தயங்கி, நெஞ்சுக்குள் இறங்கியது.

கை தானாக விடுபட்டது.

இன்ஜின் பூ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. துளி நடுக்கமில்லை. நாளைக்கு ஊரையே சுற்றி வரலாம்.

"என்ன சார் பண்ணுனீங்க?" மெக்கானிக் ஓடி வந்தார். "தலைவர்னா தலைவர்தான்!"

அனுபவம்யா, என்று சொல்ல வாயைத் திறந்தார் தலைவர். இரண்டு செருமல்தான் வந்தது. பிறகு காற்றே வரவில்லை. கண்கள் பிதுங்க, பானெட்டைப் பிடித்துக்கொண்டு, வாரி இழுத்தார்.

அண்ணி காரைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் வந்து, காலரை மேலே இழுத்துக் கழுத்தை மூடிவிட்டார்.

"பனி இறங்குது. உள்ள வாங்க, என்னங்க."

அண்ணி அப்படி ஒருவரைத்தான் கூப்பிடுவார்.

நான் தம்பி, அண்ணி, என்று சொல்லத்தான் தலைவர் நினைத்தார். அதற்குள் கால்கள் வீட்டுப் படியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டன. வாய், அண்ணனின் குரலில் சொன்னது:

"இதோ... வந்துட்டேம்மா."