நேராக, அசைக்காமல்

ஆளில்லாத அறைக்குள்ளிருந்து யாரோ கார்டு காட்டியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு பத்துக்கு ஒரு தடவை, இரண்டு பதினொன்றுக்கு இன்னொரு தடவை. கிடங்குக்கு அன்று விடுமுறை. அந்தக் குளிர் அறைக்குள் யாரும் போய் நாற்பது நாளாகிறது. ஆனாலும் லேப்டாப் திரையில், ‘கார்டு தெரிகிறது, எண்ணைப் படிக்க முடியவில்லை’ என்ற வரி இரண்டு முறை சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பழுதுதான் என்று ரீடர்க்காரன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தக் கிடங்கின் கதவுகளுக்கெல்லாம் கார்டு ரீடர் செய்து மாட்டியவன் அவன். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. உள்ளிருந்து வெளியே வர எந்தக் கார்டானாலும் போதும், ரீடர் படித்துவிட்டால் பூட்டு திறக்கும். படித்துவிட்டால்.

விட்டு விட்டு வரும் கோளாறு பொல்லாதது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் காணாமல் போகும் பல்வலி மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன் மேற்பார்வையாளர் இந்தக் குளிர் அறையின் உள்பக்க ரீடரைத்தான் கழற்றி அனுப்பியிருந்தார், சில நேரம் கார்டை எடுக்க மாட்டேன் என்கிறது என்று. அவன் தன் மேசையில், மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து நூறு தடவை கார்டைக் காட்டினான். நூறு தடவையும் பச்சை. குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் தேட வேண்டும், இது அவனுக்குத் தெரியாததா என்ன? போர்டைச் சில்லிட வைக்கும் ஸ்பிரே டப்பா காலியாகியிருந்தது. வாங்க இரண்டு தெரு நடக்க வேண்டும். வெறும் சோம்பல், வேறொன்றுமில்லை. ‘குளிரிலும் சோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பதினெட்டாம் நாள் குல்லா உள்ளே மாட்டிக்கொண்டார். பெட்டி அடுக்குகிற மனிதர். வருஷம் பூராவும் கம்பளிக் குல்லாவோடு திரிந்ததால் எல்லாருக்கும் அவர் குல்லாதான். கதவின் அவசரப் பிடி பனி பிடித்து இறுகியிருந்தது. மிச்சம் இருந்தது இவன் ரீடர் மட்டும். மறுநாள் கதவைத் திறந்து உடலை எடுத்தவர்கள், அவர் கையிலிருந்த கார்டின் ஒரு மூலை தேய்ந்து மழுங்கியிருந்தது என்றார்கள்.

விசாரணையில் எல்லாவற்றையும் பூசி மெழுகினான். வெளியே வந்தபோது குல்லாவின் மனைவி அவனிடமே வந்து கேட்டார்.

“அவரு கார்டு காட்டலையா சார்?”

“காட்டியிருப்பாரும்மா. சரியாக் காட்டியிருக்க மாட்டாரு. நேரா, அசைக்காமப் பிடிக்கணும்.”

அந்த அம்மா நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இன்று எதற்கு வந்திருக்கிறான்? நாளைக் காலை நிபுணர்கள் இந்த ரீடரைச் சோதிக்க வருகிறார்கள். அதற்குள் கோளாறைச் சரிசெய்துவிட்டால் எந்தக் குளிரிலும் பச்சைதான். பழி குல்லாவோடு போய்விடும்.

சாவியைக் கொடுக்கும்போது காவலாளி, அந்தப் பக்கம் கொஞ்ச நாளாகக் கீக் கீக்கென்று சத்தம் கேட்கிறது, அதையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். கீக் கீக் என்பது ரீடர் கார்டை மறுக்கும்போது எழுப்பும் ஒலி. அவன் வைத்த ஒலிதான்.

குளிர் அறைக் கதவை ஒரு மரப்பெட்டியால் தடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போனான். காற்றில் அட்டைப்பெட்டி வாடை, ஈர இரும்பின் வாடை, கூரையில் குளிர் இயந்திரத்தின் ஓயாத முனகல், அடுக்கிய பெட்டிகளுக்கு இடையே வெளிச்சம் எட்டாத சந்துகள், அவற்றை அவன் வேண்டுமென்றே பார்க்கவில்லை. ரீடரின் மேல் அவனே ஒட்டிய தாள்: ‘கார்டை நேராக, அசைக்காமல், இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கவும்.’ தாளுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் கீறல்கள். நூற்றுக்கணக்கில். அத்தனையும் ஒரே இடத்தில், கார்டைக் காட்ட வேண்டிய சரியான இடத்தில்.

ரீடரைக் கழற்றிக்கொண்டு நடைபாதைக்கு ஓடிவந்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரே ஒரு இணைப்பில் மயிரிழை விரிசல். குளிரில் சுருங்கினால் விலகும், சூட்டில் சேர்ந்துகொள்ளும். சால்டரிங் கம்பி தொட்டதும் ஈயம் உருகிப் பளபளத்தது, புகை மூக்கில் ஏறியது. மூன்று நொடி வேலை. ஒரு மனிதரின் உயிர் இந்த மூன்று நொடியில் இருந்தது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

அழுதுகொண்டே திரும்ப மாட்டினான். குளிர் ஏறட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்து, உள்ளே போய்த் தன் கார்டைக் காட்டினான். பத்துத் தடவை. பத்தும் பச்சை. பெட்டியை நகர்த்திக் கதவை மூடினான். பூட்டு விழுந்தது.

லேப்டாப்பை மூடக் கை நீட்டினான்.

புது வரி. ‘கார்டு தெரிகிறது.’

குனிந்து பார்த்தான். மத்தியானம் அந்த வரி எண்ணைப் படிக்க முடியாமல் நின்றுவிட்டது. இப்போது நிற்கவில்லை. எண் வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஆளின் பெயர். பதிவுப் பட்டியலில் அவனே ஏற்றிய பெயர். அழிக்க மனசு வராமல் விட்டிருந்த பெயர்.

கீக் கீக் இல்லை. நீளமாக ஒரே ஒலி. அனுமதி.

“குளிர்ல வச்சுப் பார்க்கலைங்க,” என்றான் கதவைப் பார்த்து. குரல் அவனுக்கே கேட்கவில்லை. “நான்தான் பார்க்கலை. அந்தம்மாகிட்ட பொய் சொன்னேன்.”

பூட்டு விலகியது.

கதவின் ரப்பர் விளிம்பு மெல்லப் பிரிந்தது. தரையில் வெள்ளைக் குளிர் வழிந்து அவன் செருப்பைத் தொட்டது.

ஒரு கை அளவு இடைவெளி. அதற்குமேல் கதவு திறக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு கையுறை. விரல் நுனிகளில் கிழிந்தது. பனி படிந்தது. அதில் ஒரு கார்டு, மூலை மழுங்கியது.

அவன் முகத்துக்கு முன்னால். இரண்டு விரல் தள்ளி. நேராக. அசைக்காமல்.