மூணாவது தொட்டி

“அய்யய்யோ!”

இடிக்கப்போகும் பழைய கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து வந்தது அலறல்.

அலறியவர், தண்ணீர்த் தொட்டிகளைக் கழற்ற வந்த தொழிலாளி. முதல் தொட்டி காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதன் மூடியைத் திருகும்போது வேடிக்கைக்காக அந்தப் பிரபலமான பேய்ப்பாட்டைப் பாடிக்கொண்டே திருகினார்.

‘மூணாவது தொட்டிக்குள்ள முழங்கால் மடக்கித் தூங்குறா...

ஒத்தக்கால் செருப்பத் தேடி ஊமையா ஏங்குறா...’

மூடி திறந்தது.

உள்ளே ஒருத்தி... முழங்கால் மடக்கி! ஒரு காலில் மட்டும் நீலச் செருப்பு!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருட சர்வீஸில் எத்தனையோ பார்த்தவள்தான். இருந்தும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஏட்டின் செல்போன் அடித்தது. ரிங்டோன்... அதே பாட்டு!

“கட் பண்ணுங்கய்யா அந்தக் கருமத்தை!”

“சாரி மேடம்... என் பொண்ணு வெச்சு விட்டது. ஸ்கூல்ல கூட இதுக்குத்தான் டான்ஸ் ஆடுதுங்க.”

“நல்லா ஆடட்டும். பொணத்தைப் பத்தின பாட்டுக்குப் புள்ளைங்க ஆட்டம்! த்தூ!”

“இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுது மேடம். கோரஸ் பாடுறவ. எட்டு மாசம் முன்னாடி ஒம்பதாம் தேதி காணாமப் போனா. நீலச் செருப்புன்னு அவ அக்கா அடையாளம் எழுதிக் குடுத்திருக்காங்க.”

அந்த அக்காவை இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். வாராவாரம் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்காருகிறவள். ‘எந்தத் தகவலும் இல்லைம்மா’ என்று அனுப்பிய ஒவ்வொரு வாரமும் நினைவுக்கு வர, இன்ஸ்பெக்டருக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

“இதே பில்டிங்லதான் அப்போ ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருந்துச்சு மேடம். பாட்டு வந்தது அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு.”

“பாட்டை எழுதினவன் எங்க?”

*

கவிஞர் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் பட்டுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவருக்கு விருது. சிறந்த பாடல் வரிகளுக்காக! எந்த வரிகளுக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் அவருடைய பேட்டியை ஓடவிட்டாள்.

‘செத்துப்போன பொண்ணு ஒருத்தி கனவுல வந்தா... நான் எங்க கிடக்குறேன்னு சொன்னா... கண்ணீரோட எழுதுனேன்...’

“கனவுல வந்தவளை இப்ப நேர்ல பாத்துட்டு வரோம், கவிஞரே. மூணாவது தொட்டி. ஒத்தச் செருப்பு. கிளம்புங்க!”

பட்டுச் சட்டைக்குள் கவிஞர் வெலவெலத்துப் போனார்.

“மேடம்! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!”

“தெரியாம எப்படி எழுதினீங்க?”

கவிஞர் பட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“கொலைக் கேஸ்ங்க. ஆயுசுக்கும் உள்ளதான். எப்படி எழுதினீங்க?”

கவிஞர் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ரெண்டு வரி... என்னோடது இல்ல மேடம்.”

“பின்ன?”

“டியூன் போடுறவங்க மெட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பாடி எங்களுக்குப் போட்டுக் காட்டுவாங்க. டம்மின்னு பேரு. அதுக்குப் பதிலா நாங்க நிஜ வரி எழுதணும். அந்த ரெண்டு வரி ரொம்ப நல்லா இருந்துச்சு... அப்படியே விட்டுட்டேன்.”

“டம்மி பாடினது யாரு?”

“மியூசிக் டைரக்டர்தான். அப்புறம் மாத்துன்னு குதிச்சார். புரொடியூசர்தான் விடல.”

“அந்த ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்கா?”

“வெளிய குடுக்கவே மாட்டார் மேடம். அவர் கம்ப்யூட்டர்லதான் இருக்கும்.”

பொணம் கிடைத்த செய்தி மதியத்துக்குள் டி.வி.யில் வந்துவிடும். வந்த அடுத்த நிமிடம் அந்த டம்மி அழிந்துவிடும். அப்புறம் இந்தக் கவிஞரின் கழுத்துதான் மிஞ்சும். இன்ஸ்பெக்டர் வேகமாக எழுந்தாள்.

“மேடம்... ஒரு சின்ன ரெக்வெஸ்ட்.”

“என்ன?”

“வரி என்னோடது இல்லேங்கறதை... அவார்டு வாங்கினதுக்கப்புறம் வெளிய சொல்லலாமா?”

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது கூட இவ்வளவு குமட்டவில்லை!

*

மியூசிக் டைரக்டரின் புது ஸ்டூடியோ. சுவரெல்லாம் அவர் படங்கள். மஃப்டியில் வந்திருந்த இன்ஸ்பெக்டரையும் ஏட்டையும் கால் மேல் கால் போட்டபடி வரவேற்றார்.

“போலீஸா? என்ன விஷயம்?”

“சின்ன விஷயம்தான் சார். கவிஞர் ஒரு புகார் குடுத்திருக்கார். அந்தத் தொட்டிப் பாட்டுல கதை, கற்பனை, ஒவ்வொரு எழுத்தும் அவரோடதாம். நீங்க சும்மா பொட்டி தட்டினவர்தானாம்.”

தூக்கிப் போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

“அப்படியா சொன்னான்?”

“இன்னிக்கு மேடையிலயும் சொல்லப் போறாராம். இனிமே நீங்க அந்த வரியைப் பத்திப் பேட்டியில வாயே தொறக்கக் கூடாதாம்.”

“பொறுக்கி!” மியூசிக் டைரக்டரின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. “நான் போட்ட பிச்சை மேடம் அது! அவனுக்கெல்லாம் அப்படி ஒரு வரி ஏழு ஜென்மத்துக்கும் வராது!”

“சொன்னா யாரு நம்புவாங்க? ஆதாரம் இல்லையே.”

“இல்லையா? கேளுங்க!”

கம்ப்யூட்டரைத் தட்டினார். ஸ்பீக்கர் கரகரத்தது.

‘லலலா... லாலல்லா... மூணாவது தொட்டிக்குள்ள முழங்கால் மடக்கித் தூங்குறா... ஒத்தக்கால் செருப்பத் தேடி...’

அவருடைய குரலேதான். பாடி முடித்ததும் நிதானமாக ஒரு சிரிப்பு.

“தேதியைப் பாருங்க மேடம். எட்டு மாசம் முன்னாடி, பத்தாம் தேதி. அவன் பேனாவே எடுக்கல அப்ப!”

“முழுக்க முழுக்க உங்க சொந்த வரி?”

“என் வாயில இருந்து வந்தது!”

“யாரும் சொல்லிக் குடுக்கல?”

“எவன் எனக்குச் சொல்லிக் குடுக்கிறது?”

“கோர்ட்ல சொல்வீங்களா?”

“எங்க வேணாலும்!”

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

“ஒம்பதாம் தேதி ஒரு கோரஸ் பொண்ணு காணாமப் போனா சார். இன்னிக்குக் காலையில மூணாவது தொட்டியைத் திறந்தோம்.”

மியூசிக் டைரக்டரின் விரல் கீபோர்டை நோக்கிப் பாய்ந்தது!

பாதி வழியிலேயே ஏட்டின் பிடியில் சிக்கியது.

“அந்த மெட்டு அவளோடதா சார்?” இன்ஸ்பெக்டர் சும்மா ஒரு கல்லை விட்டெறிந்தாள்.

“மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டா மேடம்... டியூன் என்னோடது, பேர் போடுன்னு! கும்பலோட நின்னு ஆ...ஊன்னு கத்துறவளுக்குப் பேர் கேக்குது!”

“அதுக்காகக் கொன்னு தொட்டியில அடைச்சீங்க. மறுநாளே அதைப் பாட்டாவும் பாடினீங்க?”

“டம்மிதானே... மாத்திடுவான்னு நெனச்சேன். அவன் மாத்தல. அப்புறம் ஹிட் ஆயிடுச்சு... ஹிட்டான பாட்டை யாராவது அழிப்பாங்களா?”

ஏட்டு, தன் செல்போனை எடுத்து ரிங்டோனை அழித்தார். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் போல இருந்தது அவருக்கு.

கையில் விலங்கு ஏறியது. வாசலில் மியூசிக் டைரக்டர் திரும்பினார்.

“மேடம்... அப்ப அந்த அவார்டு?”

“கவலையே படாதீங்க சார்! வரிகள் உங்களோடதுன்னு குற்றப்பத்திரிகையில நானே எழுதறேன். இசைன்னு வர்ற இடத்துல மட்டும்... அந்தப் பொண்ணு பேரைப் போட்டுடறேன்!”