கேம் பெட்டியில் அம்மாவின் கபடி

டிவியில் ஒரு மைதானம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு அணிகளும் சமப் புள்ளியில் இருந்தன. கடைசி ரெய்டு. இரட்டைச் சடை போட்ட ஓர் ஒல்லிப் பெண் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

“அக்கா, அது நம்ம அம்மாதானே?” என்று கேட்டான் கௌசிக்.

“அம்மாவேதான்டா,” என்றாள் நித்யஸ்ரீ.

அந்த சிடி பீரோவைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. ‘மாவட்ட இறுதி ஆட்டம், 2008’ என்று அதன்மேல் எழுதியிருந்தது. விளிம்பில் வெள்ளிப் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. மாமா கொடுத்த பழைய கேம் பெட்டியைத் தவிர, அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் வேறு எதுவும் இல்லை.

“ஜெயிச்சீங்களாம்மா?” என்று பின்னால் நின்ற அம்மாவிடம் கேட்டான் கௌசிக்.

“ஜெயிச்சோம் சாமி. ஆனா ஆடுனவளே ஒருநாளும் அதைப் பாத்ததில்ல,” என்றார் அம்மா. சிடியை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்து நித்யஸ்ரீயிடம் தந்துவிட்டுத் தறிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

நித்யஸ்ரீ மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது.

அப்பாவின் போனில் தேடித் தேடிப் படித்தாள். பழுதான சிடியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்து நகல் எடுக்கும் ஒரு நிரல் இருந்தது. ஆனால் அது கேம் பெட்டியில் ஓடாது. அந்தப் பெட்டிக்குள் இருந்த இயங்குதளத்துக்கு விளையாட்டுக் காட்டவும் படம் போடவும் மட்டும்தான் தெரியும். வேறோர் இயங்குதளத்தை ஏற்றினால் அந்தப் பெட்டியே ஒரு கம்ப்யூட்டராகிவிடுமாம்.

மாமாவிடம் போனில் கேட்டாள்.

“உங்களுக்குக் குடுத்ததுதானே கண்ணு, செஞ்சு பாரு,” என்றார் அவர்.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் அனுமதி கேட்டு, வேண்டியதையெல்லாம் பென்டிரைவில் இறக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கௌசிக் விளையாடப் போயிருந்தான். நித்யஸ்ரீ ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே வந்தாள். திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

‘இதில் சேமித்தவை அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?’

அவள் விரல் பொத்தான்மேல் நின்றது. அதற்குள் கௌசிக்கின் கார்ப் பந்தயம் இருந்தது. இரண்டு வருடமாக ஆடி ஆடி முப்பத்தொரு கார்களை ஜெயித்து வைத்திருந்தான்.

விரலை எடுத்தாள். அவன் வரும்வரை காத்திருந்தாள்.

புழுதியோடு வந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்ற காரெல்லாம் போயிருமா?”

“ஆமாடா. திரும்ப வராது.”

“என்னையக் கேக்காம அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பொட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பேன்.”

“அது உன்ற காரு. நீ வேண்டாம்னா விட்டுர்றேன்.”

கௌசிக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான்.

“ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக்கிறேன்.”

சிவப்புக் காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டினான். எப்போதும் சுவரில் மோதுகிறவன் அன்று ஒரு முறைகூட மோதவில்லை. பிறகு கன்ட்ரோலரை அக்காவின் கையில் வைத்தான்.

“அழிச்சுரு. அம்மா எப்படி ஜெயிச்சாங்கன்னு பாக்கோணும்.”

அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்து முடிந்தது. பிறகு திரை கறுத்துப்போனது.

“போச்சா அக்கா?” என்றான் கௌசிக்.

திரையின் மேல்மூலையில், புது இயங்குதளத்தின் அடையாளமாக, இரண்டு சின்னப் பென்குயின்கள் தோன்றின. அவற்றுக்குக் கீழே வெள்ளை எழுத்துகள் வரிவரியாகக் கொட்டின. நூறு வரிகள், ஆயிரம் வரிகள். இத்தனை நாள் காரும் படமும் மட்டுமே காட்டிய பெட்டி, வேறு யாரோ போல விழித்துக்கொண்டது. இருவரும் திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நகல் எடுக்கும் வேலை தொடங்கியது. உரிந்துபோன இடம் வந்ததும் பெட்டி உறுமி நின்றது. பின்னால் போய் மறுபடி படித்தது. மறுபடியும் படித்தது. மதியச் சாப்பாடு முடிந்தும் விடவில்லை.

“இன்னொருக்கா, இன்னொருக்கா,” என்று கௌசிக் பெட்டியைத் தட்டிக்கொடுத்தான்.

மாலை நான்கு மணிக்கு நகல் எடுத்து முடிந்தது. ஐந்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து வந்ததும் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

இரட்டைச் சடைப் பெண் கோட்டைத் தாண்டினாள். இந்த முறை படம் நிற்கவில்லை. திரையில் சில நொடிகள் வண்ணக் கட்டங்கள் சிதறின. பிறகு அம்மா தெரிந்தார். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் எதிரணியினர் அவர்மேல் பாய்ந்தார்கள். “அகல்யா! அகல்யா!” என்று மைதானம் முழுவதும் கத்தியது. அம்மாவின் பெயரை இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டு நித்யஸ்ரீ கேட்டதே இல்லை.

“ஒண்ணு, ரெண்டு, மூணு...” அப்பா எழுந்து டிவி அருகில் போய் எண்ணினார். “ஏம்புள்ள அகல்யா, அஞ்சு பேரு உன்ற மேல கெடக்கறாங்க.”

“அஞ்சா? நான் மூணுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்,” என்றார் அம்மா.

ஐந்து பேருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னால் வந்தது. நடுக்கோட்டைத் தொட்டது.

அம்மா கன்னத்தில் கை வைத்தபடி, திரையில் குதித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையே பார்த்தார். அவர் தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

கௌசிக் நகர்ந்து வந்து அம்மாவின் வலது காலைக் கட்டிக்கொண்டான். “இப்ப இழுங்க பாக்கலாம்.”

நித்யஸ்ரீ இடது காலைப் பிடித்தாள். சும்மா இருந்த அப்பாவும் வந்து இடுப்பைப் பிடித்தார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். “கபடி கபடி கபடி...” என்று மூச்சைப் பிடித்து, மூன்று பேரையும் தரையோடு தேய்த்துக்கொண்டு போய், நிலைப்படியைத் தொட்டார்.