ஊறப்போட்ட டைல்

மற்ற டைல்களெல்லாம் மூச்சு விட்டு அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் பக்கெட்டின் அடியில் கிடந்து இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

சுவரில் ஒட்டுகிற டைலை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காய்ந்த டைல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பிடிப்பில்லாமல் பிறகு கழன்று விழும். தண்ணீரில் போட்டதும் பொடிப் பொடிக் குமிழிகளாகப் பொங்கும். அது நின்றபின் எடுத்து ஒட்டலாம். பெட்டிகளை இறக்கி வைத்த மைத்துனன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"ஆள் கூட்டிட்டு வரேன்னு சொன்னா கேக்கல. நீங்க ஒட்டுற லட்சணத்தப் பாத்து சுவரே சிரிக்கப்போகுது, மாமா."

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. உங்கக்கா என்ன சொன்னா?"

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தொட்டி இருந்த தடமே தெரியக் கூடாதாம். தெரிஞ்சா வாசலோட திரும்பிடுவாளாம். சாயங்காலம் எங்க வீட்ல இருந்து கூட்டிட்டு வரேன். முடிச்சிருங்க."

மைத்துனனுக்கு வேலை வைக்காமல், குளியலறைத் தொட்டியை அவன் தன் கையாலேயே உடைத்திருந்தான். முழங்கால் உயரம்தான் இருக்கும். தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை அதன் விளிம்பைப் பிடித்துத்தான் முதன்முதலாக எழுந்து நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது தொட்டித் தண்ணீரில் குமிழிகூட நின்றுபோயிருந்தது.

வெளியே தூறல் விடவேயில்லை. ஈரச் சிமெண்ட் வாடைக்கு அடியில், எங்கிருந்தோ பழைய பேபி சோப்பின் வாசனை வந்துகொண்டிருக்க, அவன் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து வரிசை வரிசையாக ஒட்டினான். ஒவ்வொரு டைலையும் கட்டையால் தட்டி, உள்ளே கலவை நிரம்பாத பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தான். கடைசியில் அந்த ஒன்றுதான் மிஞ்சியது. புதுக் குழாய்க்காக நடுவில் வட்டமாக வெட்டிய டைல். காத்திருந்தான். குமிழி நிற்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நிற்காமலே எடுத்து ஒட்டினான்.

தட்டினான். பொள்ளலாகவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. குளிப்பாட்டித் துவட்டிய குழந்தையின் வயிற்றில் செல்லமாகத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

இன்னும் கொஞ்ச நேரம்தான், வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடைவெளிகளில் வெள்ளை சிமெண்ட்டைத் தேய்த்தான். கீழ்வரிசை குளியலறைப் படி வரை முடிந்தது.

ப்ளுக்.

பக்கெட்டைப் பார்த்தான். காலி.

ப்ளுக்.

வட்டமாக வெட்டிய டைலுக்குள் தெரிந்த குழாய் வாயிலிருந்து. வால்வைக் காலையிலேயே மூடியிருந்தான். உள்ளே சிமெண்ட் போயிருக்கும், வழித்து எடுக்காவிட்டால் புதுக் குழாயை முடுக்க முடியாது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான்.

வெதுவெதுப்பு.

மென்மையான ஏதோ ஒன்று விரல்நுனியைப் பற்றியது. சப்பியது. கீழே இரண்டு பொடிப் பற்கள்.

அவன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. தூங்க வைக்கிறபோதெல்லாம் குழந்தைக்கு அந்த விரல்தான் வேண்டும். அதே இரண்டு பற்கள். அதே இடம். நெற்றியைச் சில்லிட்ட டைலில் சாய்த்துக்கொண்டான்.

"தூங்குடா கண்ணு," என்றான். "அப்பா இங்கதான் இருக்கேன்."

வாசலில் ஆட்டோ நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம். வெறும் பாதங்கள் கூடத்தைக் கடந்து வந்து, குளியலறைப் படியில் நின்றன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் அவள்.

சப்புவது நின்றது.

அம்மாவின் குரல் கேட்டால் போதும், அப்பாவின் விரலை விட்டுவிடும். எப்போதும் அப்படித்தான்.

விட்டுவிட்டது.

"வராத," என்றான். "உள்ள வராத."

கீழ்வரிசையில், இன்னும் காயாத வெள்ளை சிமெண்ட்டில், ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பக்கத்து இடைவெளியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. தவழ்கிற உயரத்தில். தவழ்கிற வேகத்தில். அவளுடைய ஈரக் கால்களை நோக்கி.