நாகூர்கனி படகின் கீழ் ஓர் ஆவுளியா

விடிந்ததும் நாகூர்கனி படகில் ஏறி இன்ஜின் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் வழக்கம்போல மரியாதையாகப் பேசியது: "வணக்கம். கூப்பிடு தூரத்தில் ஆவுளியா உள்ளது. ஓட இயலாது."

"தெரியும். என் காலுக்குக் கீழதான் குறட்டை விடுது."

படகின் நிழலில் அந்தக் கடற்பசு நிம்மதியாகப் படுத்திருந்தது.

அந்தக் கரையின் எல்லா இன்ஜின்களிலும் 'கடற்செவி' உண்டு. ஆவுளியாவின் மூச்சு கேட்டால் இன்ஜினை நிறுத்திவிடும். ஊரே கூடி ஒப்புக்கொண்ட சட்டம். குறை சொல்ல முடியாது. ஆவுளியாக்கள் திரும்பிய பிறகுதான் கடற்புல் தழைத்தது, மீன் பெருகியது. ஒரு நண்டு தன்னைப் பிடித்தவரைப் படகோடு கரைவரை இழுத்து வந்ததாம். அதை விசாரிக்க வழியில்லை; சமைத்துவிட்டார்கள்.

நாகூர்கனிக்கு மட்டும் பல மாதமாகக் கடல் இல்லை. படகை எங்கே தள்ளிக் கட்டினாலும் அந்த ஆவுளியா கூடவே வந்தது. விரட்டினாலோ ஊருக்கே ஓராண்டுத் தடை.

கொழுந்தியாள் ஜெயினம்பு, படகுச் சங்கத் தலைவி, தன் படகில் கிளம்பும்போது தூரத்திலிருந்தே கத்தினாள்: "சாயங்காலம் உங்களுக்கு வாளையா, ஓராவா மச்சான்?"

"மீன் வேணாம். எனக்குக் கடலுக்குப் போகணும்."

"அது உங்ககிட்ட கிடக்கப் போயிதான் நாங்க ஓடறோம். கொடுத்து வச்சவரு நீங்க."

அவர் இன்ஜின் பக்கம் திரும்பினார். "இத்தனை படகு இருக்க, ஏன் என்கிட்ட?"

"உங்கள் படகில்தான் சத்தமில்லை."

"ஏன் சத்தமில்லை?"

"ஆவுளியா அருகில் உள்ளது."

நாகூர்கனி தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு துடுப்பை எடுத்தார். துடுப்புக்குச் சட்டம் இல்லை.

ஆவுளியா பின்னாலேயே வந்தது. படகுக் கூட்டத்தின் நடுவே அவர் நுழைய நுழைய, இன்ஜின்கள் ஒவ்வொன்றாக வணக்கம் சொல்லி அடங்கின.

"மச்சான், கரைக்குப் போங்க. பொழப்பக் கெடுக்காதீங்க," என்றாள் ஜெயினம்பு.

"என் பொழப்பு எங்கே போச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா? ஆளுக்கொரு நாள் நில்லுங்க."

கடல் மொத்தமும் அமைதி. எல்லாப் படகும் இப்போது ஒரே மாதிரி. ஆவுளியா சற்று யோசித்து, ஜெயினம்புவின் படகுக்கடியில் போய்ப் படுத்தது.

நாகூர்கனி சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு விலகிப் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டார். அது மின்சார இன்ஜின்.

"நாளைக்கு யார் நிக்கிறதுன்னு இப்பவே பேசிருங்க," என்றார் உரக்க.



"எல்லாரும் எங்க போறீங்க?" என்றாள் ஜெயினம்பு.

பலகையாலும், சோற்றுப் பாத்திரத்தாலும், வெறுங்கையாலும் தண்ணீரைத் தள்ளி, மூச்சுக்கூட விடாமல், அவளை விட்டு விலகிக்கொண்டிருந்தது மொத்தச் சங்கமும்.