எடைமேடையில் கறுப்பு வண்டி

பலகையில் 230 என்று சிவப்பாக எரிந்தது.

மேடையின் மேல் லாரி இல்லை. ஆள் இல்லை. அவன் சற்று முன் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திய கறுப்பு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் நின்றது. அந்த மாடலின் எடை நூற்று அறுபத்தைந்து கிலோ. அவன் பிறப்பதற்கு முன் அச்சான பழைய கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்து, மகளின் பிறந்த தேதியைப் போல அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

அறுபத்தைந்து கிலோ கூடுதல்.

"ஈர மணல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மணல் லாரிகளையும் ஜல்லி லாரிகளையும் எடை போடும் இடம் அது. லாரி இறங்கிப் போனபின் மேடையில் சேறும் மணலும் தங்கிவிடும். காலி மேடையே முப்பது, நாற்பது என்று காட்டும். அப்போது கணினிக்குப் பக்கத்திலிருக்கும் சைபர் பொத்தானை அழுத்த வேண்டும். பலகை பூஜ்யத்துக்கு வரும். இருப்பதெல்லாம் இல்லை என்றாகிவிடும். பதினாறு வருஷத்தில் அவன் விரலுக்கு அது மூச்சு விடுவதைப் போல. அன்றும் அதற்கு மேல் யோசிக்கும் முன்னே விரல் அழுத்திவிட்டது.

230 போய் 0 வந்தது. அவன் துணி எடுத்து பெட்ரோல் டாங்கைத் துடைக்கப் போனான்.

பதினோரு வருஷ ஆசை அது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அந்த வண்டியில் இந்தச் சாலை வழியாகப் போவார். நிதானமான, தொண்டையைச் செருமுகிற மாதிரியான சத்தம். எந்த லாரி மேடையில் நின்றாலும் அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான். டாங்கின் ஓரத்தில் ஓடும் தங்க நிறக் கோடு ஒரு நொடி மின்னி மறையும். மனைவி கேலி செய்வாள்: "ஏங்க, அந்தக் கறுப்பிய என்னைக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறீங்க?"

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய கம்பவுண்டர், வேடிக்கையாக மேடையில் ஏறி நின்றார். பலகை 65 காட்டியது. "பரவால்லையே, இன்னும் ஆளு இருக்கேன்" என்று சிரித்தார். அது நாலைந்து வருஷத்துக்கு முன்பு.

போன வாரம் கம்பவுண்டர் இறந்துபோனார். இன்று காலை அவர் மனைவியே கூப்பிட்டனுப்பினாள்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. வெலையெல்லாம் வேணாம். என் கண்ணு முன்னாடி நிக்காம இருந்தா போதும்."

ஷெட் இருட்டாக இருந்தது. பழைய பெட்ரோலும் பூட்டி வைத்த துணியும் கலந்த வாடை. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் கந்தல் அடைத்திருந்தது.

"கடைசி மூணு நாளு இதவிட்டு எறங்கவே இல்ல தம்பி. சாப்பாடுகூட இங்கதான் கொண்டு வந்து குடுத்தேன். ஜன்னலைத் தொறக்க விடல, ஃபேன் போட விடல. கைய ஹேண்டில்பார்ல இருந்து பிரிச்சு எடுக்கவே பெரும்பாடாப் போச்சு. அப்பறம் அவர ஒரே ஆளு, ஒத்தக் கையில தூக்கிட்டுப் போனான். ஆளு இளைக்கக்கூட இல்ல, பாத்துக்கங்க. அதான் எனக்கு…"

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் தங்கக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. எதுவும் உள்ளே போகவில்லை.

மறுநாளிலிருந்து வண்டிக்கு எடைமேடையின் மூலைதான் இடம். அந்த வளாகத்தில் கூரை போட்ட இடம் அது ஒன்றுதான். வெயிலில் நிறுத்தினால் குரோமியம் மங்கிவிடும். காலையில் வண்டியை மேடை ஓரத்தில் நிறுத்துவான், உள்ளே போய் சைபரை அழுத்துவான், வண்டியின் எடை கணக்கிலிருந்து போய்விடும். பிறகு வருகிற லாரிகளை எடை போடுவான். அந்த முதல் நாளுக்குப் பிறகு, அழுத்தும் முன் பலகையில் என்ன எண் இருந்தது என்று அவன் பார்த்ததே இல்லை.

"தராசுத் தட்டுலயே குடும்பம் நடத்துறவன் நீதான்யா" என்பார் தாடி. மணல் லாரி ஓட்டுகிறவர். தாடி முழுக்க மணல் இருக்கும். "எங்க முதலாளி பாத்தா என் லோடுல உன் வண்டிய சேத்துட்டேம்பாரு."

"அதெல்லாம் கழிச்சாச்சுண்ணே. சுத்தமா சைபர்."

காலையில் மகளை டாங்கின் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவான். பள்ளி எடைமேடைக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி. சாயங்காலம் அவளே ஓடி வந்துவிடுவாள். ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நீண்ட தூரம் போவார்கள். அவள் தங்கக் கோட்டில் விரலை ஓட்டியபடி ஏதாவது பாடுவாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்து போகும்.

முதலில் முரண்டு பிடித்த கிக்கர், மூன்றாம் வாரத்தில் கால் வைத்ததும் இறங்கியது. அழுத்தக்கூட வேண்டியதில்லை. வண்டி பழகிவிட்டது என்று பெருமைப்பட்டான்.

வீட்டில் அவன் ஏறும்போதெல்லாம் முனகும் மூன்றாவது படி, முனகுவதை நிறுத்தியிருந்தது.

"பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க. மனுஷி பயந்து சாக மாட்டேனா?" என்றாள் மனைவி. இன்னொரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, "பாப்பாவும் உங்கள மாதிரியே ஆயிட்டா. மாடியில திங்கு திங்குன்னு குதிப்பா, கீழ் வீட்டுக்காரங்க வந்து சண்டை போடுவாங்க. இப்பல்லாம் குதிக்கிறா, சத்தமே காணோம்" என்றாள்.

அவன் சிரித்தான். அன்று கட்டிலில் படுத்தபோது கட்டிலின் பழைய கிறீச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. மெதுவாகப் புரண்டான். வேகமாகப் புரண்டான். ஒன்றும் இல்லை. தூக்கமும் வரவில்லை.

அந்த மாதம் முழுக்கப் புழுக்கம். இலை அசையவில்லை.

நாற்பதாவது நாளோ என்னவோ, பிற்பகலில் வானம் இறங்கி வந்தது. வெளிச்சம் பழுப்பானது. எங்கோ தூரத்தில் தகரம் ஒன்று ஒரு தடவை அடித்துவிட்டு நின்றது. தாடி நீளமான புது லாரியோடு வந்து தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, உன் பொண்டாட்டிய கொஞ்சம் நகத்துப்பா. பின் சக்கரம் இடிக்கும்."

அவன் வண்டியைக் கீழே உருட்டினான். வழுவழுவென்று, தானாக நடப்பதைப் போல அது வந்தது. மேடைக்கு வெளியே மண்ணில் நடு ஸ்டாண்டை இறக்கினான். ஸ்டாண்ட் மண்ணுக்குள் நாலு விரற்கடை புதைந்தது. காய்ந்து கல்லாகிக் கிடந்த மண் அது.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தான்.

-320.

காலையில் வண்டியோடு சேர்த்து அழுத்திய சைபர். வண்டி போனதும் அந்த எடை மைனஸில் நிற்கிறது. அவ்வளவுதான். எந்த எடைக்காரனுக்கும் தெரிந்த விஷயம்.

முந்நூற்று இருபது.

தாடியின் லாரி ஏறி நின்றது. சைபரைத் திருத்தாமலே எடை போட்டு, பிறகு கையால் கூட்டிச் சீட்டு எழுதினான். எழுதிய எண்ணை இரண்டு தடவை அடித்துத் திருத்தினான்.

"என்னப்பா, காய்ச்சலா? வீட்டுக்குப் போ. பெரிய காத்து வருதாம்" என்று சொல்லிவிட்டுத் தாடி போய்விட்டார்.

அவன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினான். கையேட்டில் நூற்று அறுபத்தைந்து. அதில் அறுபத்தைந்தைக் கூட்டினான். கூட்டிய பிறகுதான் மழைக்கு ஒதுங்கிய கம்பவுண்டரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மிச்சம் தொண்ணூறு.

அவன் எடை எழுபது.

பேனா நின்றது. பள்ளிக்கூடத்தில் வருஷத் தொடக்கத்தில் கொடுத்த அட்டை. உயரம், எடை. மகளின் எடை இருபது கிலோ.

வெளியே வந்து மேடையை விளக்குமாற்றால் பெருக்கினான். ஒரு மணல்கூட விடவில்லை. உள்ளே போய் சைபரை அழுத்தினான். பலகையில் 0. மறுபடி வந்து, குளத்துக்குள் இறங்குவதைப் போல, ஒவ்வொரு காலாக மேடையில் வைத்தான்.

0.

ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும் பலகை அது. ஐந்தையாவது காட்டட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். குதித்தான். யார் கால் வைத்தாலும் தங்கென்று அதிரும் இரும்பு மேடை. சத்தமே இல்லை. மறுபடி குதித்தான். இறங்கி வர நேரமானது. கொஞ்சம்தான். ஆனால் நேரமானது.

"அப்பா!"

சாலையைத் தாண்டி மகள் ஓடி வந்தாள். முதுகில் புத்தகப் பை. மழை வருகிறதென்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவன் மேடையிலிருந்து குதித்து ஒதுங்கினான்.

"மேடை மேல ஏறும்மா. பலகையப் பாக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். பலகை துடித்தது.

5.

ஐந்து. இருக்கிறது. ஏதோ இருக்கிறது. அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐந்து இருந்தால் போதும். வண்டியை இன்றைக்கே குவாரிப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். சோறு போட்டு எடையை ஏற்றிவிடலாம். பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

"பை கனமா இருக்குப்பா" என்றபடி அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். தங்கென்று மேடை அதிர்ந்தது. பையை அங்கேயே போட்டுவிட்டு அவனை நோக்கி இறங்கி வந்தாள்.

பலகையில் 5.

மேடையில் பை மட்டும்.

அப்போது சாலையின் அந்தக் கோடியில் புழுதி எழுந்தது. சுவர் போல. முதலில் கூரைத் தகரங்கள். பிறகு மரங்கள். பிறகு மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிக்கொண்டு காற்று.

"ஓடி வா!"

அவள் முடி எழுந்தது. பாவாடை எழுந்தது. பிறகு கால்கள். எட்டிப் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த கையில் கனமே இல்லை. அவள் கலகலவென்று சிரித்தாள்.

"அப்பா, பாருங்கப்பா! நான் பறக்கறேன்!"

அவன் செருப்பு ஒன்று தரையில் நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை. இடக்கை எதையோ தேடியது. குளிர்ந்த இரும்பு கையில் பட்டது. பிடித்துக்கொண்டான். ஹேண்டில்பார்.

பிடி அந்தக் கைக்கென்றே தேய்ந்திருந்தது.

அவள் சிரிப்பு நின்றது.

"அப்பா. போதும்பா. எறக்கி விடுங்க."

சாலையில் யாரும் இல்லை. லாரி இல்லை. காற்று விடவில்லை.

வண்டி அசையவில்லை. மண்ணில் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதன் கைப்பிடியிலிருந்து, காற்றுப் போகும் பக்கமாக, கொடியில் காயப் போட்ட துணிகளைப் போல நீண்டு படபடத்தார்கள் இரண்டு பேர்.

பலகையில் 5.